ஒரு துண்டு குறையுது

“துண்டு துண்டா உடைஞ்சிருந்தாலும் முழுசா இருக்கணும். உடைஞ்சதை ஒப்படைச்சாத்தான் புதுசு. அதாங்க ரூல்” என்றார் ஸ்டோர்கீப்பர், முட்டியைத் தடவிக்கொண்டே.

மின்கம்ப வேலை பார்க்கும் குழுவின் ஃபோர்மேன் கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் கொட்டினார். பளபளவென்று ஐந்தாறு இரும்புத் துண்டுகள். நேற்றுவரை அது நட்டு கழற்றும் சாக்கெட்.

மணி நாலரை. காலையிலிருந்து ஊரே திரண்டு வந்தமாதிரி ஆட்கள். எல்லோருக்கும் சாமான் எடுத்துக் கொடுத்து ஸ்டோர்கீப்பர் ஓய்ந்து போயிருந்தார். எதிரே நின்றவரும் அதே லட்சணத்தில்தான் இருந்தார்.

“இந்தத் தடவை கறுப்பு குடுங்க சார். இருபத்திநாலு சைஸ், நீளமானது.”

“சைஸ் ஒண்ணுதானே? கறுப்பா இருந்தா என்ன, பளபளன்னு இருந்தா என்ன? மாப்பிள்ளையா பார்க்கறோம்?”

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. “பளபளக்கறது கையால திருகறதுக்கு சார். நாங்க மெஷின்ல மாட்டறோம். அது டகடகன்னு அடிக்கிற அடியில இது கண்ணாடி மாதிரி சிதறிடும். கறுப்புதான் தடிமன், அடி தாங்கும். போன மாசம் நம்ம கொக்கு அதைத்தானே கேட்டான்?”

கேட்டான்தான். கம்பத்தில் ஒற்றைக்காலை ஊன்றி நின்றே வேலையை முடிப்பதால் அந்த லைன்மேனுக்குக் கொக்கு என்று பேர். அன்றைக்கும் ஸ்டோர்கீப்பருக்கு இதே முட்டிவலி. கறுப்புப் பெட்டியோ மேல் தட்டில். யார் ஏணி வைத்து ஏறுவது? ‘இதை வச்சு ஒப்பேத்துடா’ என்று கைக்கு எட்டிய பளபளப்பை நீட்டிவிட்டார். அவனும் முனகிக்கொண்டே வாங்கிப் போனான்.

“ஆமா, கொக்கு எங்க? எப்பவும் அவன்தானே வருவான்? சாக்கெட்ல பொறிச்ச நம்பரை அவன் படிச்சுச் சொன்னாத்தான் எனக்கு விடியும். என் கண்ணுக்கு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“அவன் வரல சார். அவன் வந்து…”

“துரை எங்கயாவது டீக்கு ஒதுங்கியிருப்பாரு. வரட்டும், பேசிக்கறேன்!”

ஃபோர்மேன் துண்டுகளை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். வட்டம் கூடி வந்தது. ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இடைவெளி.

“ஒரு துண்டு குறையுதே?”

“அது கைக்கு வரல சார். தயவுபண்ணி ஒரு கறுப்பு எடுத்துக் குடுங்க. நாளைக்கு நாலு பேர் கம்பம் ஏறணும். மறுபடியும் பளபளப்பைக் குடுத்து ஏத்திவிட எனக்கு மனசு வரல.”

“எனக்கு மட்டும் கல்மனசா? போன வருஷம் இப்படித்தான் பாவம் பார்த்தேன். மெமோ வந்துச்சு. கம்பத்தடியில புல்லுல எங்கயாவது கிடக்கும், நல்லாத் தேடுங்க.”

“தேட வேண்டாம் சார். எங்க இருக்குன்னு தெரியும்.”

“அட, தெரியுமா? அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு நேரம் என் உயிரை வாங்கறீங்க? ஆளை அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க!”

“நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்களாம், டாக்டர் சொல்லிட்டாரு” என்றார் ஃபோர்மேன். “அது நம்ம கொக்கு கண்ணுக்குள்ள இருக்கு சார்.”