சனி, செவ்வாய், விண்டோஸ் செவன்

"தம்பி, நேற்றுப் பின்னேரம் பத்துக்கு ஒன்பது பொருத்தம். இண்டைக்குக் காலமை பத்துக்கு மூண்டு. ஒரு ராத்திரிக்குள்ள சனி பகவான் வீடு மாறிப்போட்டாரோ?"

கதிர்காமநாதன் இதைக் கேட்டது கம்ப்யூட்டர் திருத்த வந்த பிரதீஸிடம். பிரதீஸுக்கு பம்பலப்பிட்டியில் கடை. வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் எந்தக் கம்ப்யூட்டர் தும்மினாலும் அவனுக்குத்தான் போன் போகும்.

அதே ஃபிளாட்டுகளில் கலியாணப் பேச்சு என்றால் போன் வருவது கதிர்காமநாதனுக்கு. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், பழைய சிடி ஒன்றில் வந்த சாதகப் புரோகிராமை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் இலவசமாகப் பொருத்தம் பார்க்கத் தொடங்கியவர். அவருக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை, அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. இப்போது பார்த்துக்கொண்டிருப்பது சொந்த மகள் உஷாந்திக்கு. மெல்பேர்ண் மாப்பிள்ளை தனஞ்சயனின் வீட்டுக்கு இன்று பின்னேரமே வாக்குக் கொடுக்க வேண்டும்.

"ஆரும் உள்ளுக்குப் பூந்து மாத்திப்போட்டானோ, தம்பி?"

பிரதீஸ் திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "பூரலாம், அங்கிள். இது விண்டோஸ் செவன். இதுக்குப் பாதுகாப்பு அப்டேட் வாறது நிண்டு வருஷக் கணக்காச்சு. ஓட்டை இருந்தா அடைக்க ஆளில்லை. இதோட இன்டர்நெட்டுக்குப் போறது, கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போற மாதிரி."

"என்னட்டக் களவெடுக்க என்ன கிடக்கு? ஊராற்ற ராகு கேதுதானே கிடக்கு!"

"உங்கட பாங்க் பாஸ்வேர்டும் இதுக்குள்ளதானே, அங்கிள்?"

கதிர்காமநாதனின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

"நான் எத்தினை தரம் சொன்னனான், பிரதீஸ் அண்ணா," என்றாள் உஷாந்தி, பிளேன்டீயை நீட்டியபடி. "புது விண்டோஸ் போடுங்கோ எண்டா, புரோகிராம் அதில ஓடாதாம்."

"ஓடாதுதான்! அதைச் செய்தவன் கடையைப் பூட்டிப்போட்டுக் கனடாவுக்குப் போட்டான்."

குசினி அடுப்படியில் இருந்து மனைவி பாலேஸ்வரி தலையை நீட்டினார். "கோயில் ஐயரிட்ட ஒருக்காக் காட்டுவமே?"

"ஐயர் பாத்த பொருத்தத்தைப் போன வருஷம் சபையில பிழையெண்டு சொன்னவன் நான். இப்ப எந்த முகத்தோட போறது?"

ஒன்பது என்றால் மகளுக்கு மெல்பேர்ணில் நல்ல வாழ்வு. மூன்று என்றால் தெரிந்துகொண்டே அவளைக் கிணற்றில் தள்ளுவது. பாவம், மனிதர் உண்மையாகவே பயந்துபோனார்.

"மெல்பேர்ண் பெடியன்ர பொருத்தத்தை மாத்திறதில ஆருக்கு என்ன லாபம், அங்கிள்?" என்றான் பிரதீஸ். "நேற்றுக் காட்டினதுதான் பிழையோ தெரியாது. நல்லா ஒத்துப்போன சோடி ஒண்டைப் போட்டுப் பாருங்கோ. நல்ல புள்ளி வந்தா மெஷின் சுகமா இருக்கு."

கதிர்காமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கேன் வெளியில தேடுவான்? எங்கடையையே போடுறன். ஊரில பெரிய சாத்திரியார் எட்டெண்டு பாத்துக் கட்டி வச்ச கலியாணம். இண்டுவரைக்கும் ஒரு சண்டை கிடையாது."

குசினியில் ஒரு சட்டி தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

அவர் இரண்டு பேருடைய பிறந்த திகதியையும் நேரத்தையும் தட்டினார். கம்ப்யூட்டர் இளைத்து இளைத்துக் கணக்குப் போட்டது. திரையில் விடை வந்தது.

பத்துக்கு இரண்டு.

பிரதீஸே திரைக்குக் கிட்டப் போய் இன்னொரு தரம் பார்த்தான். உஷாந்தி அவனை ஒரு முறை முறைத்தாள்.

"முழுப் பழுது!" என்று கத்தினார் கதிர்காமநாதன். "வைரஸ்! இனி அந்த ஒன்பதையும் நம்பேலாது, மூண்டையும் நம்பேலாது."

"பழுதோ?" பாலேஸ்வரி அகப்பையோடு வெளியே வந்தார். "இப்பதான் அது வாய் திறந்து உண்மை பேசுது. சரி, ரெண்டெண்டே வையுங்கோ. அந்த ரெண்டோட நான் உங்களுக்கு இவ்வளவு காலமும் சோறு போடேல்லையே? புள்ளியை விட்டிட்டுப் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோவன்."

கதிர்காமநாதன் மகளைப் பார்த்தார். ஊர்ப் பிள்ளைகளின் கிரகங்களை எல்லாம் விசாரித்தவர், வீட்டுப் பிள்ளையை விசாரிக்கவில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"உனக்கு மெல்பேர்ண் விருப்பமோ, பிள்ளை?"

"இல்லையப்பா."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் செவ்வாயைத்தானே கேட்டனீங்கள், என்னைக் கேக்கேல்லையே."

அவர் வாதாடவில்லை. மெல்பேர்ணுக்குப் போன் எடுத்து, குறை நினைக்க வேண்டாம், இந்தச் சம்பந்தம் சரிவராது என்று தன்மையாகச் சொல்லி வைத்தார். மனதில் இருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.

"நாளைக்கே புது விண்டோஸ் போடும், தம்பி. புரோகிராம் போனாப் போகட்டும்."

பிரதீஸை வழியனுப்ப உஷாந்தி லிஃப்ட் வரை வந்தாள். வீட்டுக் கதவு சாத்தப்பட்டதும் 'அண்ணா' காணாமல் போனது.

"டேய், கடையில இருந்துகொண்டு உள்ளுக்குப் பூந்து, அப்பா பதிஞ்சு வச்ச தனஞ்சயன்ர பிறந்த நேரத்தை மட்டும்தானே மாத்தச் சொன்னனான்? அப்பா அம்மாவின்ர கணக்கில ஏன்டா கை வச்சனீ? அந்த மனுசன்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு."

"சத்தியமா இல்லை, உஷா." பிரதீஸ் குரலைத் தாழ்த்தினான். "மூண்டு மட்டும்தான் என்ர வேலை. அந்த ரெண்டு, ஒறிஜினல்."