கடைசியாக வெயில் பட்ட நாள்

மணல் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று சொல்லும் கைக்கருவி ஒன்று நிலவியலாளன் தணிகைவேலிடம் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அக்கா எழிலி, கட்டிலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த அப்பாவின் சக்கர நாற்காலியை இழுத்தாள். சக்கர இடுக்கில் அப்பியிருந்த மணலில் அந்தக் கருவியை விளையாட்டாக வைத்துப் பார்த்தாள்.

"நானூற்று ஏழு நாட்கள்" என்றது கருவி.

"தினமும் அப்பாவ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு போன்ல சொல்லுவியேடா?"

பல கோடி ஆண்டுப் பாறைகளுக்கெல்லாம் வயது சொன்னவன் கூனிக்குறுகி நின்றான்.

படுக்கையிலிருந்து அப்பா அவசரமாகச் சொன்னார்: "அந்த மிஷின் கெட்டுப்போச்சும்மா. நேத்துகூடப் போனோமே, அலை வந்து காலெல்லாம் நனைஞ்சுதே. இல்லியாப்பா தணிகை?"