பாதியில் நின்ற இளவரசி

கோயில் வாசலில் காதுக்கருவி வாடகைக்கு வந்த நாளிலிருந்து, வழிகாட்டி ராமராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

“பட்டனை அமுக்கினா தூணு தூணா கதை சொல்லுதுபா! இனி நம்மள யாரு கூப்புடுவாங்க? நீ இன்னாடான்னா டீ குடிச்சிக்கினு குந்தியிருக்க!”

“நீயும் குடிபா,” என்ற கூட்டாளி காசிநாதன், கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “இன்னொரு டீ, சர்க்கரை தூக்கலா!”

கருவியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்த ஒரு சென்னை அம்மாள் சட்டென்று திரும்பினாள்.

“ஏங்க, இதே குரல்தான்!” என்று கணவரை இழுத்துக்கொண்டு காசிநாதனிடம் வந்தாள். “ஏன் சார் கதையைப் பாதியில நிறுத்திட்டீங்க? இளவரசி அந்தச் சிற்பியைக் கட்டிக்கிட்டாளா, இல்லையா?”

“அது பின்பக்கத் தூண்ல இருக்குதும்மா. வாங்க, காட்டறேன்.”

துண்டை உதறித் தோளில் போட்ட காசிநாதன், ராமராஜன் காதருகே குனிந்தான்.

“அடுத்து வர்றவங்களும் இதைத்தான் கேப்பாங்க. கட்டிக்கினாள்னே சொல்லிடு.”