முதல் வரிசை இருக்கை

விமானங்கள் தாமாகவே பறக்கத் தொடங்கிய பிறகு பைலட்டுக்கு மிஞ்சியது ஒரே வேலைதான். விழுந்தால் பயணிகளோடு அவரும் விழ வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் ஜனங்கள் ஏறினார்கள்.

கொஞ்ச நாளாக அவர்களுக்கு அதுவும் போதவில்லை. கம்பெனி புது ஒப்பந்தத்தை நீட்டியது. சம்பளம் இரட்டிப்பு, ஆனால் பைலட்டின் பிள்ளையும் முதல் வரிசையில் உட்கார்ந்து வர வேண்டும். பைலட்டுகள் சங்கம் வாக்கெடுத்து அதை நிராகரித்தது.

நிராகரித்தது சரிதானா என்று பேச மீனம்பாக்கத்தில் கூடியபோது, செயலாளர் கேப்டன் அற்புதராஜ் மேஜையைத் தட்டினார். "பெத்த பிள்ளைய அடகு வைக்கச் சொல்றான். நாம மனுஷங்களா இல்லையா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கேப்டன் மெஹருன்னிசா மட்டும் தட்டவில்லை.

"பிளேன் ரொம்பப் பத்திரம்னு தினமும் மைக்ல நீங்கதானே சார் சொல்றீங்க?"

"அது பயணிகளுக்குச் சொல்றதும்மா. இது குடும்ப விஷயம்."

மறுபடியும் கைதட்டல். பிள்ளைக்குப் பதிலாக மச்சானை உட்கார வைக்கலாமே என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். அதைப் பரிசீலிக்க உடனே குழு போட்டார்கள்.

மாலையில் அற்புதராஜுக்கு மதுரை விமானம். ஏறும்போது மனைவி போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு மதுரைக் கல்யாணத்துக்கு நானும் பாப்பாவும் பிளேன்லயே வந்துடட்டுமா?"

"வேணாம், ரயில்ல வாங்க."

முதல் வரிசையில் யாரோ ஒரு சிறுமி அவர் தொப்பியைப் பார்த்துச் சல்யூட் அடித்தாள். அற்புதராஜ் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, உள்ளே போய் மைக்கை எடுத்தார்.

"அன்பான பயணிகளே, இந்த விமானம் முற்றிலும் பாதுகாப்பானது."