ஆடாத ஸ்டாண்டு

“தள்ளினா நகரணும், வேலை செய்யறப்ப ஆடவும் கூடாதா? சார், நீங்க யானை கனத்துல பூனை கேக்கறீங்க” என்றார் வெல்டர்.

காவல்காரர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். தலை கீழே போனது. திரும்பி மேலே வரக் கொஞ்ச நேரம் ஆனது. இரவெல்லாம் ஒரு கிடங்கைக் காவல் காத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

“மரம் கடையற சின்ன லேத்துண்ணே. இப்ப ஒரு பழைய மேசை மேல இருக்கு. கட்டையை மாட்டிச் சுத்த விட்டா மேசையே நடக்குது. சுவர் ஓரம் கிளம்பி, என் தலைமாட்டுக்கு நேரா வந்துதான் நிக்குது.”

“நீங்க பகல்ல தூங்கறவராச்சே?”

“தூங்கணும்னு ஆசைப்படறவன். போன வாரம் டியூட்டியில கண்ணசந்துட்டேன். மேனேஜரே வந்து எழுப்பினார். அடுத்த தடவை எழுப்ப மாட்டாராம். வேலையை விட்டுத் தூக்கிட்டு அப்புறம் சொல்லி அனுப்புவாராம்.”

“அப்ப லேத்தை ஓட்டறது யாரு?”

“பெரியவர் ஒருத்தர். ரிட்டயர் ஆனவர். நான் வந்து படுக்கறதும் அவர் ஆரம்பிக்கறதும் ஒண்ணா இருக்கும்.”

“மாமனாரா?”

காவல்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். உலகத்தில் பாதி மாப்பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் சொல்கிறார்கள் என்பதால், வெல்டர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

“கஷ்டந்தான். பெத்த அப்பான்னா கத்தலாம். நிறுத்தச் சொல்லிப் பாத்தீங்களா?”

“வாய் வரலைண்ணே. அதையும் பிடுங்கிட்டா அந்த மனுஷனுக்குப் பொழுதே போகாது. அவர் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. எல்லாம் அந்த மேசை மேலதான்.”

வெல்டர் சாக்பீஸை எடுத்துத் தரையில் படம் போட்டார். “நாலு காலையும் கீழ அகட்டி வெக்கறேன். அடியில ஒரு தட்டு. அதுல ரெண்டு மணல் மூட்டையைப் போட்டுட்டா அசையாது. நகத்தணும்னா மூட்டையை இறக்கிட்டு, பெடலை மிதிங்க, சக்கரம் இறங்கும். வேலை நேரத்துல சக்கரம் மேல போயிடும், ரப்பர் கால்லதான் நிக்கும். சத்தம் தரைக்குப் போகாது.”

காவல்காரர் அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு கண்களையும் முழுதாகத் திறந்தார். “கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே.”

“சத்தம் தரைக்குப் போகாது.”

தாலாட்டுப் போல இருந்திருக்க வேண்டும். கண்கள் மறுபடி மூடிக்கொண்டன.

“சார்! தூங்காதீங்க, உயரம் சொல்லுங்க. ஓட்டறவர் நேரா நின்னா முழங்கை எங்க இருக்கோ, அந்த உயரத்துல கட்டை சுத்தணும். இல்லேன்னா அவர் இடுப்பு போயிடும்.”

காவல்காரர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் குசுகுசுவென்று ஒரு குரல் வந்தது.

“ஏங்க, மெதுவா! பக்கத்துலதான் நிக்கறார்.”

“அவர் முழங்கை எவ்வளவு உயரம்?”

“எது?”

“முழங்கை.”

“தூக்கம் கெட்டா இப்படியெல்லாமா கேக்கத் தோணும்?” செருப்புச் சத்தம் கொஞ்சம் நகர்ந்தது. “என் தோளுக்கு ஒரு சாண் கீழ.”

வெல்டர் அளவு நாடாவோடு எழுந்து நின்றார். “அம்மா தோள் எங்க இருக்கு சார்?”

காவல்காரர் தன் மார்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். வெல்டர் அங்கிருந்து ஒரு சாண் இறக்கிக் குறித்துக்கொண்டார்.

“மெஷினோட அடிப்பக்க நீளம்?”

“கதவு வழியாப் பாத்தா ரெண்டு முழம் இருக்கும்... ஐயோ, திரும்பறார். வெச்சிடறேன்.”

“பெத்த பொண்ணே இப்படிப் பயப்படுதுன்னா பெரிய ஆளாத்தான் இருப்பார்” என்றார் வெல்டர். “சரி, போல்ட்டுக்கு நீளத் துளையா வெட்டிடறேன். முன்னப் பின்ன தள்ளி மாட்டிக்கலாம்.”

ஸ்டாண்டு தயாரான அன்று காலை, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியில் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் காவல்காரர் சுவரில் சாய்ந்தார். ஓய்வா தூக்கமா என்று தெரியவில்லை. இரண்டாவது மாடியில் அவருடைய மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வெல்டர் உள்ளே நுழையப் போனார்.

“இங்க இல்லண்ணே. இன்னும் ஒரு மாடி.”

“மாமனாருக்குத் தனி வீடே எடுத்துக் கொடுத்திருக்கீங்களா!” வெல்டருக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாவது மாடியில் மணி அடித்ததும், உள்ளே கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. புருவமெல்லாம் மரச்சுருளோடு பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார்.

“ஐயா, இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நீங்க புண்ணியம் பண்ணியிருக்கணும்” என்றார் வெல்டர்.

பெரியவர் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு காவல்காரரைப் பார்த்தார். “மாப்பிள்ளையா? எனக்குக் கல்யாணமே ஆகலையேப்பா! தம்பி யாரு?”

“கீழ் வீடுங்க” என்றார் காவல்காரர், கொட்டாவியை அடக்கியபடி. “உங்க லேத்துக்கு நேர் கீழதான் தூங்கப் பாக்கறேன்.”