வீடு முழுக்கக் கேக்கணும்

“ஹெட்ஃபோன் வேண்டாம் பையா. வீடு முழுக்கக் கேக்கணும்,” என்று தேவநேசன் இந்தியில் அடித்துச் சொன்னார்.

“அங்கிள்ஜி, ஃப்ரீதான்,” என்றார் கடைக்காரர். இலவசத்தை வேண்டாம் என்கிற மனுஷனை ஜனக்புரிக் கடைத்தெருவில் அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எடுத்து உள்ளே வைத்தார்.

வாங்கிய கீபோர்டு மகள் ரெபேக்காவுக்கு. மனைவி மார்கரெட் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பிள்ளை வாசிப்பதும் இல்லை, பாடுவதும் இல்லை. அம்மாவின் பழைய கீபோர்டை அடக்கம் முடிந்த கையோடு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வேலைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இரண்டு பேர் இருக்கிற வீட்டில் குக்கர் மட்டும்தான் வாயைத் திறந்தது. இப்படியே விட்டால் பெண்ணும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்துதான் தேவநேசன் கடைக்குக் கிளம்பினார்.

முக்கால் பெட்டி ஆட்டோவுக்குள்ளே, கால் பெட்டி பனிமூட்டத்துக்குள்ளே என்று கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஹாலில் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, வயரை மாட்டி, “உன் பர்த்டேக்கும்மா” என்றார்.

ரெபேக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “என்னால முடியாதுப்பா. வேணும்னா நீங்களே வாசிங்க. உங்களுக்கும்தான் அம்மா சொல்லிக் குடுத்தாங்களே,” என்று அறைக்குள் போய்விட்டாள். மனுஷனுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

மறுநாள் விடியலில், ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவரின் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. மார்கரெட் இருந்தவரை காலையில் குடும்ப ஜெபத்துக்கு வாசித்த பாட்டு. இரண்டாம் அடியில் விரல் இடறி, நின்று, அந்த அடியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிப்பது வரைக்கும் அச்சு அசல் மார்கரெட்.

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயந்தும் போனார். அப்புறம், ‘போடா பைத்தியக்காரா’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அம்மாவிடம் கற்றவள் அம்மாவின் தப்பையும் சேர்த்துத்தானே கற்றிருப்பாள்?

எழுந்து போய்ப் பார்க்கக் கை கால் துடித்தது. ஆனால் போனால் நிறுத்திவிடுவாள். பிடிவாதக்காரி, அப்புறம் கீபோர்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள். வந்த இருமலைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதபடியே கேட்டார்.

பாட்டு ஓய்ந்து கொஞ்ச நேரம் விட்டு வெளியே வந்தால், ரெபேக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. “நல்லாத் தூங்குனீங்களாப்பா?” என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று! வாசிப்பைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை.

அன்றிலிருந்து விடிந்தால் பாட்டு. அதே இடத்தில் அதே இடறல். வீடே மாறிப்போயிற்று. ரெபேக்கா அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், வார்டில் நடந்த கூத்தெல்லாம் சொன்னாள், கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு சப்பாத்தி போட்டாள்.

ஒரு ஞாயிறு ஆராதனையில் மற்றவர்களோடு சேர்ந்து அவள் பாடுவதைப் பார்த்தார். பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டாள், இது போதும் ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மார்கரெட்டின் நினைவு நாள் வந்தது. சாயந்தரம் போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. அன்று விடியலில் பாட்டு மற்ற நாளைவிட மெதுவாக, நெஞ்சைப் பிசைகிற மாதிரி கேட்டது. இனியும் தெரியாத மாதிரி நடிக்க அவருக்கு மனசு வரவில்லை.

டீயை வாங்கிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். “பிள்ள, இன்னிக்கு ஜெபத்துல அம்மா பாட்டை நீ வாசிக்கணும். தினமும் காலைல வாசிக்கியே, அதே மாதிரி.”

ரெபேக்கா கையிலிருந்த வடிகட்டியை வைக்கக்கூட மறந்து அவரையே பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. ஹால் பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ, வாசிக்கிறது நீங்க இல்லியாப்பா?”