உம்மாவின் கஞ்சிக் கோப்பை

யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்பு. சென்னையில் மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பெட்டரி பொருத்திய பிறகு வாப்பாவின் கைநடுக்கம் அடியோடு நின்றிருந்தது.

நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றினேன். பழக்கத்தில் உம்மாவின் கோப்பையையும் நிரப்பி, வாப்பாவின் வலப்பக்கத்தில் வைத்துவிட்டேன். உம்மா சுனாமியில் போனவர். அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. இருந்தவரை வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கஞ்சி குடிக்கவைத்தவர் அவர்தான்.

பாங்கு கேட்டது. வாப்பா ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பையைத் தூக்கினார். உம்மாவின் கோப்பையில் மட்டும் கஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஃபேனை நிறுத்தினேன். நடுக்கம் நிற்கவில்லை.

வாப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கி தண்ணிக்குள்ள இந்தக் கையாலதான் அவவப் புடிச்சிருந்தன் புள்ள. நடுங்கி நடுங்கியே உட்டுட்டன்."

பெட்டரியின் ரிமோட்டை நெஞ்சில் வைத்து மிசினை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கை பழையபடி நடுங்கியது. கஞ்சி இடுப்புச் சாரனில் சிந்தியது. உம்மாவின் கோப்பை அசையாமல் இருந்தது.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன்.

"வேணாம் புள்ள. அவ புடிக்கட்டும்."

நடுங்கும் கையை வலப்பக்கம் நீட்டியபடி வாப்பா காத்திருந்தார்.